எண்ணுக்கு முன்னால் நிற்காத கர்சர்

9 ஜூன் 2025, திங்கள்

யதிராஜன் வக்கீல் ஆபீஸில் டைப்பிங் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு பதினெட்டு நாள். முப்பது நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சார் சொல்லியிருக்கிறார். காலையில் ராஜபாளையத்தில் அம்மா சாப்பாடு கட்டித் தர, அத்தா பஸ் ஏற்றிவிடுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நானே நடந்து போய்விடுகிறேன். எனக்குக் கண் தெரியாது. திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் காதில் வாசிக்கும். மவுஸ் தொடாமல் கீபோர்டிலேயே எல்லாம் முடித்துவிடுவேன்.

இன்று கான்சாபுரம் இருளம்மாளின் மனு, பதினாறு பத்தி. கொழுந்தன் தென்னந்தோப்பை வெட்டுகிறார், தடை வேண்டும். சுத்தமாக அடித்தேன்.

10 ஜூன்

சுத்தமாம்! மனு கோர்ட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஏழாம் பத்திக்கு எண் இல்லை. அதற்குக் கீழே எல்லாம் ஒவ்வொன்று குறைந்து, ‘ஒன்பதாம் பத்தியில் கூறியபடி’ என்ற வரி வேறெதையோ காட்டுகிறது.

திருத்திய மனுவில் கையெழுத்துப் போட இருளம்மாள் நாளைக்கு மறுபடி இரண்டு பஸ் மாறி வரவேண்டும். “அதுக்குள்ள நாலு மரத்த சாச்சிருவாகளே” என்றார். என்மேல் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குமாஸ்தா விஜயபாண்டி அண்ணனிடம் சொன்னார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். “கண்ணு தெரியாத பிள்ளைய வச்சு இந்த வேலை பாக்க முடியுமான்னு அப்பவே யோசிச்சேன்.”

காதும் கேட்காது என்று நினைத்தாரா?

11 ஜூன்

கண்டுபிடித்துவிட்டேன். ஏழாம் பத்தியின் முதல் சொல்லுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருந்தது. பேக்ஸ்பேஸ் தட்டினேன், ‘ஸ்பேஸ்’ என்று சொல்லி அழித்தது. இன்னும் ஒன்று இருக்குமோ என்று மறுபடி தட்டினேன். சத்தமே இல்லை. சத்தம் இல்லாவிட்டால் அழிக்க எதுவும் இல்லை என்பது என் பழக்கம். அந்தத் தட்டலில்தான் எண் போயிருக்கிறது.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் தானாகப் போடும் அந்த எண் பக்கம் கர்சரே போகாது. ஹோம் கீயை அழுத்தினால் எண்ணுக்குப் பின்னால் நிற்கிறது. இடது அம்புக்குறியை அழுத்தினால் ஆறாம் பத்தியின் கடைசிப் புள்ளிக்குத் தாவுகிறது. புள்ளி போட்ட பட்டியலிலும் இதே கதை. போக முடியாத இடத்தில் இருப்பதை அழிக்க மட்டும் முடியுமாம். இதை எவன் யோசித்துச் செய்தான்?

12 ஜூன்

சாரிடம் விளக்கினேன். கண் இருந்தால் தெரிந்திருக்குமே என்றார். சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

16 ஜூன், திங்கள்

அண்ணன் அடித்த பதில் மனு, இருபத்திரண்டு பத்தி. பிரிண்ட் எடுக்கச் சொன்னார்கள். வரி வரியாகக் கீழே இறங்கிக் கேட்டேன். பதினொன்று சொன்னது, அடுத்த பத்தி எண் இல்லாமலே தொடங்கியது.

சாரிடம் சொன்னேன். “நீ எதையும் தொட்டியா?” அதுதான் அவருடைய முதல் கேள்வி.

“ஆலியா தொடல சார். நான்தான், பாக்காம விட்டுட்டேன்” என்றார் அண்ணன். நல்ல மனுஷன்.

நான் விடவில்லை. சாரையே மவுஸை எடுத்துக் கர்சரை எண்ணுக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். கிளிக். மறுபடி கிளிக்.

“அம்புட்டு எண்ணும் சாம்பல் கலரா மாறுது. உள்ள போக மாட்டேங்குது.”

“எனக்கும் போகாது சார்.”

21 ஜூன், சனி

முப்பதாவது நாள். இருளம்மாளுக்குத் தடை கிடைத்துவிட்டது. அதற்குள் மூன்று மரம் போய்விட்டது. அதில் என் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

சாயங்காலம் வரை நிரந்தரம் பற்றிப் பேச்சே இல்லை. கிளம்பும்போது திங்கட்கிழமைக்கு உள்ள மனுவைப் பற்றிச் சார் அண்ணனிடம் கேட்டார்: “ஆலியா ஒரு தடவை கேட்டுட்டாளா? அவ கேக்காம எதுவும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது.”

அதே இரண்டடி.

“என்கிட்டயே கேளுங்க சார்” என்றேன்.

நாற்காலி திரும்பிய சத்தம் வந்தது. பிறகு குரல் நேராக என் முகத்துக்கு வந்தது.

“கேட்டுட்டியாம்மா?”

“கேட்டுட்டேன் சார்.”