சாப்பாட்டு மேசைத் தீர்ப்பு

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடைக்கு இன்று நாலே பேர். ஒருவருக்கு வெள்ளெழுத்து, இரண்டு பேருக்கு பிரேம் ஒடிந்திருந்தது, நாலாமவர் மழைக்கு ஒதுங்கியவர். அவரையும் விடாமல் உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தேன். பார்வை நன்றாக இருந்தது. எனக்குத்தான் ஏமாற்றம்.

அவளுக்கு மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் உதவியாளர்தான் எடுத்தார். "அமைச்சர் மீட்டிங்ல இருக்காங்க சார். சொல்லிடறேன்." கட்டின பெண்டாட்டியிடம் பேச மனுப்போட வேண்டியிருக்கிறது. அவள் சட்ட அமைச்சராகி இரண்டு வருடமாகிறது. அவளுக்குத் தலைநகரில் அரசாங்க வீடு. இங்கே நானும் அவள் அம்மாவும். மாமியாரும் மாப்பிள்ளையும் தனிக்குடித்தனம் நடத்துகிற வீடு இது ஒன்றுதான் என்று அத்தையே சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிறு வருகிறேன் என்றிருக்கிறாள். தலையணை உறையைத் துவைத்துப் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

வரவில்லை. திடீர்க் கூட்டமாம். அவளுக்கு வாங்கிய பழத்தை நானும் அத்தையும் தின்று தீர்த்தோம்.

மார்ச் 11, புதன்

காலையில் பேப்பரைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் அவள் படம். "குவாரி முதலாளியைத் தப்பவிட்டாரா சட்ட அமைச்சர்?"

பதினான்கு வருடத்துக்கு முந்தைய விஷயம். அப்போது அவள் அரசு வழக்கறிஞர். இங்கிருந்து பஸ்ஸில் எட்டு மணி நேரம் போனால் ஒரு ஊர், அங்கே ஒரு கல் குவாரி. எச்சரிக்கைச் சங்கு ஊதி ஆட்களை ஒதுக்காமல் வெடி வைத்ததில் வேலையாட்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். முதலாளி மேல் வழக்குப் போடலாமா என்று கோப்பு இவளிடம் வந்தது. சாட்சியம் போதாது என்று எழுதி மூடிவிட்டாள். அந்த முதலாளி இப்போது இவள் கட்சியில்தான், அதுவும் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில். சங்கு ஊதுகிற வேலையில் இருந்தவர் இத்தனை வருடம் கழித்துப் பத்திரிகைக்காரர்களிடம் பேசியிருக்கிறார். "ஊத வேணாம், லாரி நிக்குதுன்னு முதலாளிதான் சொன்னாரு. அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன். யாரு கேட்டாங்க?"

எவ்வளவு வாங்கினாள் என்று எதிர்க்கட்சி கேட்கிறது. அத்தை டிவியோடு சண்டை. "என் பொண்ணு அடுத்த வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கவே யோசிப்பா. இவன் பேசறான் பேச்சு."

அவள் வாங்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஏன் மூடினாள் என்பதும் தெரியும்.

மார்ச் 12, வியாழன்

செத்தவர்களில் ஒருவரின் மனைவியை டிவியில் காட்டினார்கள். அழவில்லை, திட்டவில்லை. எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த வக்கீலம்மா மூணு வாட்டி எங்க வீட்டுக்கு வந்தாங்க. இதே தரையில உக்காந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. கேஸ் கண்டிப்பா நடக்கும்னாங்க. அப்புறம் வரவே இல்ல. ஏன் வரலன்னு யாராவது சொன்னாப் போதும்."

சேனலை மாற்றினேன். அடுத்த சேனலிலும் அவளேதான்.

மார்ச் 13, வெள்ளி

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

கல்யாணமான புதிதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். கஷ்டமான கோப்பு என்றால் வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாப்பாட்டு மேசையில் சாட்சிகளின் வாக்குமூலத்தை எனக்கு வாசிப்பாள். "சட்டம் எனக்குத் தெரியும். சாதாரண ஆளு காதுல இது எப்படி விழும்னு உங்களுக்குத்தான் தெரியும்." வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி: "நம்புறீங்களா?" நம்புகிறேன் என்றால் அடுத்த நாள் வழக்குப் போடுவாள். இல்லை என்றால் இரண்டு நாள் தூங்காமல் புரண்டுவிட்டு மூடிவைப்பாள். இது முறையல்ல. கோப்பு அலுவலகத்தைவிட்டு வெளியே வருவதே தப்பு. வெளியே ஒருவருக்கும் தெரியாது. எனக்கோ உள்ளுக்குள் பெருமை. கண்ணாடிக் கடைக்காரன் தலையாட்டாமல் ஒரு வழக்கு நகராது.

அத்தனை வருடத்தில் நான் பொய் சொன்னது ஒரே ஒரு முறை.

அந்த வருடம் இரண்டு வழக்குக்காக வெளியூரிலேயே தங்கியிருந்தாள். ஏழு மாதம். அவள் திரும்பி வந்து இருபது நாள்கூட ஆகவில்லை, குவாரிக் கோப்பு வந்து நிற்கிறது. விசாரிக்க மூன்று முறை அந்த ஊருக்குப் போய்வந்தாள். வழக்கு என்றால் குறைந்தது நாலு மாதம் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். சங்கு ஊதுபவரின் வாக்குமூலத்தை வாசித்தாள். "ஊத வேணாம், லாரி நிக்குது." கதை கட்டிச் சொல்கிறவன் இப்படிச் சொல்லமாட்டான். 'லாரி நிக்குது' என்பதை யார் உட்கார்ந்து யோசிப்பார்கள்? நம்பினேன். முழுசாக நம்பினேன்.

"நம்புறீங்களா?" என்றாள்.

"எனக்கென்னவோ நம்பிக்கை வரல. முதலாளி மேல இருக்கிற கோவத்துல சொல்ற மாதிரி இருக்கு."

"அப்படியா? எனக்கு நிஜம்னு பட்டுச்சே."

"உனக்கு எல்லாருமே பாவம்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த ஒரு சாட்சியை நம்பித்தான் வழக்கே. மூன்றாம் நாள் கோப்பை மூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அப்புறம் நாலு மாதம் வீட்டில் இருந்தாள். சாயங்காலம் கடைக்கு வந்து எதிர் ஸ்டூலில் உட்காருவாள், இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போவோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாலு மாதம் கிடையாது. எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

மார்ச் 15, ஞாயிறு

வந்தாள். வாசலில் இரண்டு கார், நாலு போலீஸ், எதிர்வீட்டு மாடியில் கேமரா. உள்ளே வந்து செருப்பைக் கழற்றிப்போட்டுச் சோபாவில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அவள் கண்ணாடியைக் கழற்றினேன். இடது பக்க மூக்குத்தாங்கி வளைந்திருந்தது. டிவியில் பார்க்கும்போதே கை பரபரத்தது எனக்கு. இத்தனை பெரிய அரசாங்கத்தில் அதை நிமிர்த்திவிட ஒரு ஆள் இல்லை. சரிசெய்து மேசையில் வைத்தேன்.

எழுந்ததும் சொன்னாள்: "யாரு என்ன வேணா பேசட்டும். நான் நேர்மையா முடிவு பண்ணேன். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பா இது? கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 18, புதன்

அவளை ராஜினாமா செய்யச்சொல்லிக் கட்சிக்குள்ளேயே பேசுகிறார்களாம். கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது? ஐயோ பாவம் என்றா? இல்லை. வந்துவிடுவாள் என்று தோன்றியது. கடையை மூடிவிட்டுப் போய் அவள் படிக்கிற அறைக்கு ஒரு நல்ல விளக்கு வாங்கிவந்தேன். அத்தை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொண்டாட்டிக்குப் பதவி போகப்போகுதுன்னு விளக்கு வாங்கற ஆளை இப்பத்தான் பாக்குறேன் மாப்பிள்ளை."

மார்ச் 20, வெள்ளி

சொல்லாமல் இருந்தால் வந்துவிடுவாள். சொன்னால் போய்விடுவாள். அந்தக் குவாரிப் பெண் மட்டும் டிவியில் வராமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 22, ஞாயிறு

காலையிலேயே வந்தாள். நாளை சபையில் படிக்க வேண்டிய அறிக்கையோடு. சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டு வாசித்தாள். எத்தனை வருடமாயிற்று அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசித்து. குரல் கொஞ்சம் கரகரத்திருக்கிறது, மற்றபடி அவளேதான். இது முடியவே கூடாது என்றிருந்தது எனக்கு.

"ஒரு சாதாரண மனிதனின் பார்வையில் அந்தச் சாட்சியம் நம்பத்தகுந்ததாக இல்லை. மனசாட்சிப்படியே முடிவெடுத்தேன்" என்று முடித்தாள். அப்புறம் பழைய பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தாள். "நம்புறீங்களா?"

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நான் அன்னைக்கு நம்பினேன், நீ போயிடுவேன்னு மாத்திச் சொன்னேன் — அவ்வளவுதான். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். காகிதத்தை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். "கேஸை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு இருந்திருப்பேனே. நானும் இருந்திருப்பேன், கேஸும் நடந்திருக்கும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. கேட்டால் இருந்திருப்பாளாம். கேட்டிருந்தால் போதுமாம். என்ன மனுஷன்டா நீ.

சமையலறையில் அத்தை பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். கேட்டிருப்பார்.

மார்ச் 23, திங்கள்

கடை திறக்கவில்லை. டிவியில் பார்த்தேன். பழைய அறிக்கையை அவள் கையில் எடுக்கவே இல்லை. "அந்த வழக்கைக் கைவிட்டது தவறு. காசு வாங்கி எடுத்த முடிவு அல்ல. ஆனால் முறையாக எடுத்த முடிவும் அல்ல. கோப்பை என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் கேட்கக் கூடாத இடத்தில் யோசனை கேட்டேன். என் மனதுக்கு உண்மை என்று பட்டதை ஒதுக்கினேன். பொறுப்பு முழுக்க என்னுடையது. வழக்கை மீண்டும் திறக்கும்படி எழுதிவிட்டுப் பதவி விலகுகிறேன்."

யாரிடம் கேட்டீர்கள் என்று எதிர்க்கட்சிப் பக்கமிருந்து கூச்சல். பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 27, வெள்ளி

அத்தை நாலு நாளாகப் பேசவில்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். இன்று வாய் திறந்தார். "என் பொண்ணு ஊர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னா. நீங்க இங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க." உள்ளே போய்ச் சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

அரசாங்க வீட்டைக் காலி செய்துவிட்டாள். இங்கே வரவில்லை. அந்த ஊருக்குப் போயிருக்கிறாள். அத்தைக்குப் போன் செய்து சொன்னதை அத்தை எனக்குச் சொன்னார். குவாரிப் பெண்ணின் வீட்டுக்கு நேரே போய், ஏன் அன்றைக்கு வரவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டாளாம். மறுநாள் மறுபடி போயிருக்கிறாள். மூன்றாம் நாள் கதவு திறந்ததாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறாள். பழைய சாட்சிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், தேடிப்பிடித்துப் புது அரசு வழக்கறிஞரிடம் சேர்க்க வேண்டுமாம்.

"என்கிட்ட பேசணும்னாளா?" என்று கேட்டேன்.

அத்தை காதில் விழாத மாதிரி இருந்தார்.

மே 17, ஞாயிறு

ஞாயிறு. அவளுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன்.

ஜூன் 9, செவ்வாய்

நான் கடையில் இருக்கும்போது வந்து துணிமணியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அலமாரியில் அவள் தட்டு காலி. கடை இரண்டு தெரு தள்ளித்தான். ஒரு எட்டு வந்திருக்கலாம். ஏன் வர வேண்டும்?

"எப்ப வருவாளாம்?"

"கேஸ் முடியட்டும்னா. ரெண்டு வருஷம் ஆகுமாம்." அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கடிதத்தை எல்லாம் பைக்குள்ள வெச்சிருந்தா. பிரிச்சாளான்னு தெரியல" என்றார்.

அவள் இருந்த நாலு மாதத்தில் நடந்து போன தெருவழியாக இன்று வீட்டுக்கு வரவில்லை. சுற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு அவள் வேண்டும். இந்த வயதில் இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் வேண்டும்.

செப்டம்பர் 14, திங்கள்

இதைக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று முதல் சாட்சி, குவாரிப் பெண். பேப்பரில் பார்த்துவிட்டு நேற்று கிளம்பினேன். அத்தை ஒன்றும் கேட்காமல் சாப்பாடு கட்டிக்கொடுத்தார். எட்டு மணி நேரம். அவள் எத்தனை முறை இந்த வழியில் வந்திருப்பாள், இதன் தூரம் எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அந்தப் பெண்தான் கேட்டாள்: "யாரு இவரு? உங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவருதானா?"

"ஆமா."

பஸ்ஸில் வரும்போது என்ன சொல்வது என்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அந்தச் சங்கு ஊதறவரு சொன்னதை நான் அன்னைக்கே நம்பினேன்மா" என்றேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பெண் எழுந்தாள், என் மனைவியும் கூடவே எழுந்தாள். இரண்டடி போன அந்தப் பெண் திரும்பி வந்து, தோளில் இருந்த பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வெச்சிருங்க. உள்ள எவ்வளவு நேரமாகுமோ."

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி மூன்றாகிறது. இரண்டு பேரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.