நான் விழுங்கிய க்

டீச்சர்,

இன்று காலை எங்கள் களத்தில் கடலை காயப்போட உங்கள் பேனரைத்தான் விரித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்களை ஒழித்து வேலியோரம் வீசியபோது, நல்ல கெட்டித்துணி என்று என் மகன் எடுத்து வந்தானாம். பிளெக்ஸ் கூடாது, துணியில்தான் வேண்டும் என்று நீங்களே நீலச் சாயத்தில் எழுதியது அது. மண்வாசனை போகாத காய்களைக் கையால் துழாவிவிட்டபோது எழுத்துகள் ஒவ்வொன்றாய் மேலே வந்தன. 'கடலைக் காப்போம்.'

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது.

இதே பேனரை வேப்பமரத்தில் கட்டியிருந்த அந்தப் பெற்றோர் கூட்டம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் கைநாட்டு வைக்காதவள் நான் ஒருத்தி. பஸ் போர்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அன்றும் வாசித்தேன்.

"கடலை காப்போம்! ஏந்தாயி, கடலைய நாங்க காக்காம வேற ஆரு காக்குறா? மயிலும் பன்னியும் காட்டுல வந்து நிக்குது, உங்க பிள்ளைகளக் கம்பு எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க!"

கூட்டமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். "அதையும் காப்போம் அப்பத்தா" என்றீர்கள். அவ்வளவுதான். நீங்கள் சொன்னது சமுத்திரத்தை என்று பிறகு தெரிந்தபோதும், எழுதியவர்தான் தெளிவாக எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடற்கரையில் பிறந்த நீங்கள் இந்த வறட்டு வேடசந்தூர்ப் பக்கம் வந்து, சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒன்று வைத்து, சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைக் குடகனாற்று மணலில் பாலிதீன் கவர் பொறுக்க வைத்தீர்கள்.

"தண்ணியே இல்லாத ஆத்துல என்னத்தப் பொறக்குறீங்க?"

"மழை வந்தா இந்தக் கவர் அமராவதிக்குப் போகும், காவேரிக்குப் போகும், கடைசியில கடல்ல சேரும் அப்பத்தா. ஆமை அதை மீனுன்னு நெனச்சு முழுங்கிரும்."

அந்த மன்றத்தில் இருந்த என் பேத்தி அதை வேதம்போலப் பிடித்துக்கொண்டாள். கவர் வேண்டாம் என்று கறிக்கடையில் சண்டை போட்டு, தூக்குவாளியில் கறி வாங்கி வந்தாள். அடுப்படிச் சுவரில் கரியால் கடல்பசு வரைந்தாள். கடல் ஆராய்ச்சிதான் படிப்பேன் என்றாள். கடலை ஒருநாளும் பார்க்காத பிள்ளை. நான் அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஆனால் என் வாய் விட்ட கேலி ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. உங்கள் மன்றத்துக்குக் 'கடலைச் சங்கம்' என்று பெயர் விழுந்தது. ராமேஸ்வரம் கடற்கரையில் மூன்று நாள் முகாம் என்று நீங்கள் அறிவித்ததும் டீக்கடையில் அதையே திருப்பிப் போட்டார்கள்.

"ஏலே, கடலைச் சங்கம் கடலை போடக் கெளம்பிருச்சுடா!"

என் முகத்துக்கு நேராகவே ஒருவன் கேட்டான்: "என்ன பெரியம்மா, பேத்தி பயலுகளோட கடலை போட ராமேஸ்வரம் வரைக்கும் போறாளாமே?"

மறுநாள் அனுமதிச் சீட்டோடு வீட்டுக்கு வந்தீர்கள். என் மகன், "அம்மா சொன்னாச் சரி" என்று மில்லுக்குக் கிளம்பிவிட்டான். பிடுங்கிப் போட்ட கடலைச்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகக் காய் பறித்தீர்கள்.

"மூணே நாளு அப்பத்தா. பொம்பளப் பிள்ளைகளோட நானே படுத்துக்குவேன். இவ கண்ணால பாக்கணும்."

"காய் பறிக்க ஆள் பத்தாது தாயி" என்றேன். பொய்தான்.

"அம்புட்டுத்தானே? நான் பறிச்சுத் தாரேன்" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பொழுது சாயும்வரை பறித்தும் கொடுத்தீர்கள். பேத்தி பேனாவை எடுத்து வந்து என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்த கையெழுத்தை நான் போடவில்லை.

முகாம் முடிந்து திரும்பி வந்தபோது அவளுக்கு நீங்கள் ஒரு சங்குகூடக் கொண்டு வரவில்லை. "கரையில கெடக்குறதை எடுக்கக் கூடாதுன்னு பிள்ளைகளுக்குச் சொன்னவ நான். அடுத்த வருசம் நீயே வந்து பாரு" என்றீர்கள். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி உங்களை எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் உங்கள் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டு, பிளாஸ்டிக் கப்பில் டீ கொடுத்தார்கள். மன்றம் அத்தோடு முடிந்தது.

பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கினாள். "கடல் படிப்புக்கு எழுதிப் போடு தாயி, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

"பதினெட்டு ஆயிருச்சு. ஒன் கையெழுத்து வேணாம் அப்பத்தா" என்றாள். திண்டுக்கல்லில் பி.காம். சேர்ந்துவிட்டாள்.

இன்று மதியம் காலேஜ் விட்டு வந்தவள் களத்தில் பேனரைப் பார்த்தாள். கோபப்படவில்லை. குந்தி உட்கார்ந்து காய்களை ஒதுக்கி, ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த 'க்' இருக்குல்ல, இது இருந்தாக் கடலு. இல்லேன்னாத்தான் கடலை. டீச்சர் எங்கிட்ட அன்னைக்கே சொன்னாங்க. 'அப்பத்தாகிட்டச் சொல்லிராத, நாலு பேரு முன்னால வாசிக்கிறவுக, நொந்துருவாக'ன்னாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் மானத்துக்கு நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை டீச்சர். அந்த மானத்துக்குத்தான் நான் அவள் கடலைக் கொடுத்துவிட்டேன்.

காய்களை வெறுந்தரையில் கொட்டிவிட்டு, பேனரை அலசிக் காயவைத்து மடித்தேன். டிரங்குப் பெட்டியில் அந்த அனுமதிச் சீட்டு இருக்கிறது. அதன்மேல் வைத்தேன். வைக்கும் முன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன், ஒற்றெழுத்து ஒன்று விடாமல், சத்தம் வராமல். கடைசி வரியில் 'பாதுகாவலர் கையொப்பம்' என்று இருந்தது. அதற்கு மேலே கோடு மட்டும்தான்.