அதே மஞ்சள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம். இந்த ஒரு வார்த்தையை மட்டும் நீ நம்பிவிட்டால் மீதிக் கடிதம் உனக்குச் சுகமாகப் போகும். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என் வேகத்தைத்தான் கேட்கிறாய், நான் சொல்வதைக் கேட்பதில்லை. கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டால் போதும், "நேத்து தூங்கினியா?" என்று குறுக்கே பாய்ந்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் பாய முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்!

விஷயம் இதுதான். பக்கத்துத் தெருவில் குழந்தைகளுக்கென்று புதிதாக ஒரு நூலகம் கட்டியிருக்கிறார்கள். வாசிப்பு அறையில் ஒவ்வொரு ஜன்னலும் கதவு உயரம். அத்தனைக்கும் திரைச்சீலை தைக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது அக்கா! பேன்ட் கால் மடிக்கிறதும் ஜிப் மாற்றுகிறதுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு! நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. நூலக மேடமே வீடு தேடி வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. "எதிர்வீட்டு ஜன்னல்ல தொங்குதே, அதைத் தச்சது நீங்களா? எனக்கு அதே மஞ்சள்தான் வேணும்" என்றார்.

எந்த மஞ்சள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். இந்நேரம் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்றும் எனக்குத் தெரியும். தயவுசெய்து படிப்பதை நிறுத்தாதே.

எனக்கு உடம்பு சரியில்லாமல் போன அந்த வருடம், மூடப்போகிற ஜவுளிக்கடையிலிருந்து அந்த மஞ்சள் துணியைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, யாரும் கேட்காமலே தெரு முழுக்கத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தேன் அல்லவா? சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, ஒரே தையல். நீ ஓடி வந்தாய். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வீடு வீடாகப் போய், "அவளுக்கு உடம்பு சரியில்லீங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லி ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினாய். எதிர்வீட்டு மீசை மாமா மட்டும் கொடுக்கவில்லை. "ஜன்னலுக்கு நல்லாத்தானம்மா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். அந்த மனுஷனுக்கும் மறை கழன்றுதான் இருக்கிறது என்று நீ புலம்பினாய்.

நீ சொன்னதிலும் தப்பில்லை. இன்றைக்கும் தினமும் காலையில் ஸ்கூட்டரைத் தட்டிக்கொடுத்து, "கிளம்புடா ராஜா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் எந்த டாக்டரிடமும் கூட்டிப்போகவில்லை. ஸ்கூட்டரும் கிளம்பிவிடுகிறது.

மேடம் அந்தப் பக்கமாகப் போகும்போது சாயங்கால வெயில் அந்தச் சீலை வழியாக மாமாவின் அறைக்குள் விழுந்ததாம். அறையே விளக்கேற்றி வைத்தது போல இருந்ததாம். பிள்ளைகள் இப்படி ஒரு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தால் எப்படியிருக்கும் என்று தோன்றி, நேரே மாமா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மாமா மீசையைத் தடவிக்கொண்டு எங்கள் வீட்டைக் கைகாட்டியிருக்கிறார். மேடம் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புத்தி பேதலித்திருந்தபோது நான் தைத்தது நல்ல திரைச்சீலைதான் அக்கா. தையல்கூட ஓரிடத்தில் கோணவில்லை. போய்ப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரரிடம், அதான் உன் மாப்பிள்ளையிடம், சொன்னபோது அவருக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. எழுந்துபோய் என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டு வருகிறேன். சந்தோஷமாக இருந்தால் மாத்திரையை எண்ணுகிறீர்கள், சோகமாக இருந்தாலும் எண்ணுகிறீர்கள், நான் எப்படித்தான் இருக்க வேண்டும் என்று கத்திவிட்டேன். கத்தியதும் எனக்கே பயம் வந்தது. இப்படிக் கத்துவது நானா, அதுவா?

அதனால் நானாகவே டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். மேஜையில் கிடந்த பேனாக்களை அளவெடுத்தது போல வரிசையாக அடுக்கிக்கொண்டே கேட்டார் அவர். கலைந்தால் அவருக்கு ஆகாது போல. பிறகு, "வேலை கெடச்சா சந்தோஷம் வரத்தான் செய்யும், அதுக்கு என்கிட்ட அனுமதி எதுக்கும்மா?" என்றார். நோய் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள் என்றேன். "கோடு போட முடிஞ்சா எனக்கும் சுலபமாத்தான் இருக்கும். சாப்பிடுங்க, தூங்குங்க, வீட்டுக்காரர் சொல்றது காதுல விழுதான்னு பாருங்க. விழலைன்னா அன்னிக்கே வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

இனிமேல்தான் வேடிக்கை. அளவெடுக்க நூலகத்துக்கு உன் மாப்பிள்ளையும் துணைக்கு வந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன் அல்லவா, ஏணியைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? ஏறினவர் இறங்கவே இல்லை. அளந்த ஜன்னலையே திரும்பத் திரும்ப அளந்தார். திரைக்கம்பியைச் சுவரில் மாட்டக் கூடாது, மேல்கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும் என்று மேடத்திடம் மூச்சுவிடாமல் விளக்கினார். வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. சாப்பாட்டு மேஜையில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் படம் போட்டார், நடுநடுவே பாட்டு வேறு! தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் மெதுவாக, "நேத்து தூங்கினீங்களா?" என்று கேட்டேன்.

புரையேறும் வரை சிரித்தார். அப்புறம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எப்படியிருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு டப்பாவை அவர் தொடவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்த மஞ்சள் வேறெங்கும் கிடைக்கவில்லை அக்கா. ஒன்று எலுமிச்சையாக இருக்கிறது, இல்லையென்றால் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது. மீதமிருந்த கட்டுகளையும், தெருவில் திரும்ப வாங்கிய சீலைகளையும் என் கண்ணில் படக்கூடாதென்று நீ உன் ஊருக்கே எடுத்துக்கொண்டு போனாய். தூக்கிப்போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. ரப்பர் பேண்டைக்கூடத் தூக்கிப்போடாதவள் நீ.

நீ எனக்காகத் தெருவெல்லாம் தலைகுனிந்து நின்றதை நான் மறக்கவில்லை. உன் பயத்தையும் குறை சொல்லவில்லை. திரும்ப அப்படி ஆகவே ஆகாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்த மஞ்சள் நோய் இல்லை அக்கா, அது துணி. பள்ளி விடுமுறை தொடங்கும்போது நூலகம் திறக்கிறார்கள். பார்சலில் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. முதல் சீலையை நீதான் மாட்ட வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அத்தானுக்கு என் வணக்கம்.

வாசலையே பார்த்திருக்கும்,
உன் தங்கை

பி.கு: நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவருக்கும்தான்.