வெள்ளையன் கேட்ட விவரம்

கரட்டுத்தோட்டம், வெள்ளகோவில்
12.2.1989

மயிலாத்தாளுக்கு,

சென்னியப்பன் எழுதறது. நான் இங்கே நல்லாத்தான் இருக்கேன். நீயும் செல்லாத்தாளும் சொகமா இருப்பீங்கன்னு நம்பறேன். புள்ளை ஒம்பதாவது பாஸாயிருமா?

ஒரு சோலியாத்தான் எழுதறேன். பெரியாத்தாள் தோட்டத்துக்குப் பண்ணையம் பாக்க வெள்ளையன்னு ஒருத்தன் வந்திருக்கான். அந்தக் கெணறும் வத்திப்போச்சு. திருப்பூருக்கே குடி போயிரலாமான்னு ரோசனை பண்றான். நீ டவுனுக்கு வெளியே புது நகர்ல இருக்கறதுனால, அங்கே குடி வர்றதுக்கு முன்னால ஒரு மனுசன் என்னென்ன தெரிஞ்சுக்கணும்னு கேட்டு எழுதச் சொன்னான். தண்ணி எப்படி? வாடகை என்ன ஆகும்? அக்கம்பக்கம் எப்படிப்பட்ட சனம்? இத்தனை நாளா எங்கே போனே, இப்ப எதுக்கு வந்தேன்னு கேப்பாங்களா?

வெவரமா எழுது. அவனுக்குத்தான்.

சென்னியப்பன்

*

முருகவேல் நகர், திருப்பூர்
20.2.1989

மாமாவுக்கு,

மயிலாத்தாள் எழுதறனுங்க. நாங்க சௌக்கியம். செல்லாத்தாள் கணக்குல மட்டும் உங்களை மாதிரி, மத்ததெல்லாம் பாஸாயிருவா.

நாலு வருசமா ஒரு கார்டு போடாத மனுசன், எவனோ வெள்ளையனுக்காகப் போஸ்டாபீசு வரைக்கும் நடந்தீங்களாக்கும்! பெரியாத்தாள் தோட்டத்துல காக்கா கூடத் தங்காதே, எனக்குத் தெரியாதா? சரி, வெள்ளையன்னே வெச்சுக்குவோம்.

முதல்ல இதைச் சொல்லுங்க அவருகிட்ட. ஞாயித்துக்கிழமை வந்து ஊடு பாக்கறவன் ஏமாந்தான். அன்னிக்குக் கம்பெனியெல்லாம் லீவு. தெருவே சத்தமில்லாம, சாக்கடை கூடச் சுத்தமா ஓடும். நானும் ஞாயித்துக்கிழமை பாத்துத்தான் அட்வான்ஸ் குடுத்தேன். திங்கக்கிழமை காத்தால பாத்தா, பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மிஷின் கடகடங்குது, சாக்கடையில சாயத்தண்ணி பச்சைப்பசேல்னு போகுது. அடக்கடவுளேன்னு உக்காந்துட்டேன். அதனால புதன்கிழமை வரச் சொல்லுங்க. உள்ளது உள்ளபடி தெரியும்.

போர் தண்ணி உப்பு. அதுல பருப்பு வேகாது. நல்ல தண்ணி குழாயில எப்பவாச்சும் வரும், வந்த நேரத்துல எந்திரிச்சுப் புடிக்கணும். வாடகை நூத்தி இருவது.

பக்கத்து ஊட்ல தவசி அண்ணன், சிவகங்கைப் பக்கம். மொதல்ல அவங்க ஊட்டுச் சத்தத்தைக் கேட்டு, புருசன் பொண்டாட்டி சண்டையோன்னு ஓடிப்போய்ப் பாத்தேன். பாசமாப் பேசறதே அப்படித்தானாம். இங்கே என்ன ஊரு, என்ன சனம்னு கேக்கறதுக்கு முன்னால எந்தக் கம்பெனின்னுதான் கேப்பாங்க. எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வந்தவங்க எல்லாரும் ஒரே காரணத்துக்குத்தானே வந்திருக்காங்க!

மயிலாத்தாள்

*

கரட்டுத்தோட்டம்
3.3.1989

மயிலாத்தாளுக்கு,

கடுதாசி வந்துச்சு. வெள்ளையன் இன்னும் சில விவரம் கேக்கறான்.

அங்கே எருமை கட்ட எடம் இருக்குமா? நாப்பத்தஞ்சு வயசுக்காரனுக்குப் பனியன் கம்பெனியில என்ன வேலை குடுப்பாங்க? மீசை மொளைக்காத பையன் சூப்பர்வைசரா நின்னுக்கிட்டு வாடா போடாம்பானா? பொண்டாட்டி சம்பளம் வாங்கற ஊட்ல ஆம்பளைக்கு என்ன மரியாதை இருக்கும்? குடியானவனாப் பொறந்து அடுத்தவங்கிட்டக் கை கட்டி நிக்கறதான்னு அவன் ஒரு காலத்துல பெரிசாப் பேசினவன். அந்தப் பேச்சை அவன் ஊட்டுக்காரி இன்னும் மனசுல வெச்சிருப்பாளோன்னு அவனுக்கு ஒரு கவலை.

எருமை ஈனப் போகுது. மழை இல்லை.

சென்னியப்பன்

*

முருகவேல் நகர்
11.3.1989

மாமாவுக்கு,

வெள்ளையனுக்கு ரோசம் சாஸ்தியாக்கும்! ரோசத்தை வெதைச்சா சோளம் மொளைக்குமான்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க.

எருமைக்கு இங்கே எடமில்லீங்க. மனுசனே காலை மடக்கித்தான் படுக்கணும். வேலை இருக்குது. கட்டிங் டேபிள்ல துணி விரிச்சுக் குடுக்கணும், நெலம் உழுத கைக்கு அது ஒரு வேலையா? சூப்பர்வைசர் பையன் அண்ணான்னுதான் கூப்பிடுவான். வாடா போடான்னா நான் சும்மா விட்டுருவனா?

மரியாதையைப் பத்திக் கேட்டிருக்காரு. ஒன்றரை ஷிப்டுன்னா பொம்பளை ஊடு வர ராத்திரி ஆயிரும். அன்னிக்கு ஆம்பளைதான் ரசம் வெக்கணும். தவசி அண்ணன் வெப்பாரு. அவருக்கு மரியாதை ஒண்ணும் கொறையலை, ரசத்துல உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்.

எதிர்ல ஒரு லைன் ஊடு காலியாகுது. ஊட்டுக்காரம்மா நல்லம்மாகிட்டச் சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். எதிர் ஊடா இருக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது மாமா. வெள்ளையன் பொண்டாட்டிக்கு அந்தப் பேச்சு இன்னும் சுருக்குன்னுதான் இருக்கும். பொட்டப்புள்ளையக் கூட்டிக்கிட்டு அவ பஸ் ஏறினப்ப, போகாதேன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? ஒரே கூரைக்குள்ள எடுத்ததும் வேண்டாம். எதிர் ஊட்ல இருக்கட்டும், குழம்பு குடுத்து அனுப்பலாம். தனியா ஆக்கித் தின்னது போதும்னு சொல்லுங்க.

29ந் தேதி புதன்கிழமை வரச் சொல்லுங்க. நான் அரை நாள் லீவு கேட்டுட்டேன்.

மயிலா

*

முருகவேல் நகர்
29.3.1989

மாமாவுக்கு,

வெள்ளையன் வந்துட்டாரு. நெசமாவே வெள்ளையன்!

லீவு போட்டு, லாரித் தண்ணி வாங்கி, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, கனகாம்பரம் வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறேன். நெட்டையா ஒரு மனுசன், பின்னால பொண்டாட்டி, மூணு குழந்தைங்க, கயித்துல ஒரு ஆட்டுக்குட்டி. ‘ஏனுங்கக்கா, சென்னியப்பண்ணன் அனுப்பிச்சாருங்க. எதிர் ஊடு காலின்னு சொன்னாருங்க’ங்கறாரு. எனக்கு மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வெக்கறதுன்னே தெரியலை. தவசி அண்ணன் பொண்டாட்டி என் தலைப்பூவைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. நேத்துத்தான் அவகிட்ட ‘அவரு வர்றாரு’ன்னு சொல்லியிருந்தேன்.

ஆக்கின சோறு பூரா அவங்களே சாப்பிட்டாங்க. நல்ல சனம். அந்தம்மா ஏனத்தைக் கழுவி வெச்சுட்டுத்தான் எந்திரிச்சா. எதிர் ஊட்டை அவங்களுக்கே விட்டுப்போட்டேன். இனி இந்தத் தெருவுல காலி ஊடு கிடையாது.

நாந்தான் பைத்தியக்காரி. எவனுக்கோ எழுதின வெவரத்தை எல்லாம் என் புருசனுக்கு எழுதறதா நெனச்சுக்கிட்டேன். இப்ப வாயைத் தொறந்து கேக்கறேன். வெள்ளையனுக்கில்லை, எனக்கு. வர்றீங்களா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு ஒரு கார்டு போடுங்க. பூ வாங்கற காசாவது மிச்சமாகும்.

மயிலாத்தாள்

*

கரட்டுத்தோட்டம்
5.4.1989

மயிலாவுக்கு,

வெள்ளையன் என்னைக் கேக்கச் சொன்னது ரெண்டுதான். தண்ணி, வாடகை. மத்ததெல்லாம் நான் கேட்டது. அவனுக்குப் படிச்சுக் காட்டினதும் அந்த ரெண்டு மட்டுந்தான்.

புதன்கிழமை நானும் கெளம்பினேன். சலவைச் சட்டை போட்டு பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன். அங்கே அவன் சட்டி பானையோட குழந்தைங்களை வெயில்ல உக்கார வெச்சுக்கிட்டு நின்னான். பெரியாத்தாள் தோட்டத்தை வித்துட்டாங்களாம், அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். எனக்குன்னு நீ சொல்லி வெச்ச ஊடு இருக்குது, அவனுக்கு ஒண்ணுமில்லை. நீ போப்பான்னு ஏத்தி விட்டுட்டேன். புண்ணியத்துக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன். உன் வாசல்ல வந்து நிக்கறதுக்கு எனக்குப் பயமாவும் இருந்துச்சு. நீ பூ வெச்சுக்கிட்டு நிப்பேன்னு தெரிஞ்சிருந்தா, அவனை இறக்கி விட்டுட்டு நான் ஏறியிருப்பேன்.

போகாதேன்னு அன்னிக்கு நான் சொல்லலை. நெஞ்சு முட்ட இருந்துச்சு, வாய்க்கு வரலை.

எருமையையும் கன்னையும் பக்கத்துத் தோட்டத்துச் சுப்பண்ணன்கிட்டக் குடுத்துட்டேன். தோட்டத்தை அவரே பாத்துக்குவாரு. வரணும்னுதான் இருக்கேன். காலி ஊடு கிடையாதுங்கறே. அப்ப நான் எங்கே தங்கறது?

சென்னியப்பன்

*

முருகவேல் நகர்
9.4.1989

மாமாவுக்கு,

கேக்கற கேள்வியைப் பாரு!

இங்கே குடி வர்றவங்களுக்கு ஒரு விவரம் எழுத விட்டுப்போச்சுங்க. தெருவுல நாய்த் தொல்லை. வாசல்ல கழட்டி விட்ட செருப்பு காலையில இருக்காது. விருந்தாளிங்க வெளியே விடுவாங்க, அது அவங்க பாடு. நீங்க செருப்பை உள்ளே கொண்டாந்து வையுங்க.

மயிலா