என் ஒரே நட்சத்திரம்

ஜூலை 8, 2025
முத்துச்செல்வியின் கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதாம். எங்கள் இயற்பியல் துறையில் எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். இளம் நட்சத்திரங்களைச் சுற்றிச் சூடேறி அகச்சிவப்பில் ஒளிரும் தூசி வளையங்கள் — ஒன்பதைப் பிடித்திருக்கிறாள். 2013-இல் நான் ஒன்று பிடித்தேன். அதை மேற்கோள் காட்டியவர் இதுவரை ஒருவர். நான்தான்.

மக்ரூன் பெட்டி நீட்டினாள். வயிற்றெரிச்சலோடு நாலு தின்றேன்.

ஜூலை 9
என் மனைவி ஜெயசெல்வி சோறு போட்டுக்கொண்டே, “நீங்களும் அந்தத் தூசியத்தான பாக்கிய?” என்றாள்.

“அது வேற நட்சத்திரம்.”

“அவளுக்கு மட்டும் நல்லதா எடுத்து வச்சிருக்காகளாக்கும்!”

தினமும் என் பைக் சீட்டில் எங்கள் உடன்குடிச் செம்மண் துடைக்கிறேனே, அதுவும் தூசிதான். யார் கண்டுகொண்டார்கள்?

ஜூலை 14
ஒரு யோசனை. அற்பமானதுதான். நட்சத்திரத்துக்குப் பின்னால் வெகு தூரத்தில் ஒரு கேலக்ஸி நின்றால், அதன் ஒளியும் தூசி மாதிரியே ஏமாற்றும். குறைந்த அலைநீளப் படத்தையும் அதிக அலைநீளப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குட்டு உடையும்: ஒளிப்புள்ளி நகர்ந்தால், வளையம் பொய். ஒன்பதில் ஒன்றாவது நகராதா? வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் பணிவாக ஒரு சந்தேகம் கேட்பேன். பணிவு ரொம்ப முக்கியம்.

ஜூலை 16
ஒன்பதும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. பாவி மக!

ஜூலை 17
சோதனையே தப்போ? சந்தேகமில்லாத ஒன்றை வைத்துப் பார்த்தேன். என்னுடையதை.

நகர்ந்தது.

மறுபடியும் — நகருதே. ஏலே, நகருதுலே! பன்னெண்டு வருசமா எந்த ஊரு கேலக்ஸியையோ எம் பிள்ளைன்னு தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

ஜூலை 18
கருத்தரங்கில் வாய் திறக்கவில்லை. துறைத் தலைவர் தேவபிரசாதம், “இதெல்லாம் நம்ம சார் அப்பவே ஆரம்பிச்சது” என்று என்னைக் காட்டினார். கைதட்டல் வேறு.

முடிந்ததும் முத்துச்செல்வியிடம் என் படங்களை நீட்டினேன். வாங்கவே இல்லை.

“தெரியும் சார்.”

“எப்பத்துல இருந்து?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

“வருசா வருசம் முத வகுப்புல அந்த வளையம் பிடிச்ச கதையத்தான சொல்லுவிய. பிள்ளைக எப்படிச் சிரிக்கும்! எப்படிச் சொல்ல?”

திட்டியிருக்கலாம். நல்ல மனசிலுமா என்னை முந்த வேண்டும்?

ஆகஸ்ட் 5
திருத்தக் குறிப்பு அனுப்பிவிட்டேன், ஒன்றரைப் பக்கம்: அது வளையம் இல்லை, பின்னால் கேலக்ஸி. அடுத்த கட்டுரையில் முத்துச்செல்வி அதை மேற்கோள் காட்டுகிறாளாம். ஆக, இரண்டு பேர்.

முதலாண்டு வகுப்பில் கதையை முடிவோடு சொன்னேன். முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த அவளும்தான்.

மாலையில் நான் மக்ரூன் வாங்கிப்போனேன். அவள் ஐந்து தின்றாள். எண்ணினேன். இதிலும் என்னைவிட ஒன்று அதிகம்.