உதடு மூடாத அப்பாவுக்கு

என் சிரித்த முகத்து அப்பா,

பல்லில் போட்டிருந்த கம்பியைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். உதடு இப்போது நன்றாக மூடுகிறது. பல் உள்ளே போனதும் உதடும் கூடவே உள்ளே போய், தாடை எடுப்பாகத் தெரிகிறது. மூக்குகூட வேறு யாருடையதோ போல இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் லயத்து வீடுகள் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியிருப்பீர்கள்.

உங்கள் எத்துப்பல்லால் உதடு சேராது. சும்மா இருந்தாலும் சிரிக்கிற மாதிரியே தெரியும். அதனால்தானே எஸ்டேட்டில் யார் செத்தாலும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள்? "எழவு வீட்டுல பல்லக் காட்டிட்டு நிக்கான்னு எவனும் சொல்லிரக் கூடாதுல்ல தாயி" என்பீர்கள். எனக்குக் கம்பி போடப் போடிக்கு பஸ்ஸில் கூட்டிப்போன அன்று பல் டாக்டரிடம் சொன்னீர்கள்: "எம்மூஞ்சி எம்மவளுக்கு வேணாம் சார்."

எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல அப்போது தோன்றவே இல்லை அப்பா.

நீங்கள் போன அன்று தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். உதடு மட்டும் சேரவில்லை. சிரித்துக்கொண்டே கிடந்தீர்கள். கம்பியும் சேர்ந்து துருத்தியதில் என் வாயும் மூடவில்லை. உங்கள் துண்டை எடுத்துப் பொத்திக்கொண்டுதான் அழுதேன்.

நேற்று உங்களுக்கு வருஷத் திதி. முதல்முறையாகத் துண்டில்லாமல் நின்றேன். சாவுக்குப் பிறகு இப்போதுதான் வந்த மாட்டுப்பட்டி அத்தை, என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "யாரு மதினி இந்தப் புள்ள?"

அம்மா சொன்னதும் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணன் மூஞ்சி இவகிட்டயாவது இருக்கும்னுல்ல வந்தேன்" என்று உட்கார்ந்து அழுதார்.

ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு பிளேட்டு தந்திருக்கிறார்கள். மாட்டாமல் விட்டால் பல் மெல்லப் பழைய இடத்துக்கே திரும்புமாம். அத்தை போனபின் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விட்டுவிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்களா?

மாட்டிக்கொள்கிறேன் அப்பா. நீங்கள் ஆசைப்பட்ட முகம் இது, கைவிட மாட்டேன். ஆனால் உங்கள் படத்தில் உதட்டைச் சேர்த்துத் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டேன். இந்த வீட்டில் அந்த முகம் ஒன்றாவது அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூஞ்சியோடு பிறந்த மகள்,
செல்வி