யன்னல் இல்லாத அறை

செவ்வாய் இரவு. கப்பலில் முதல் நாள்.

என் கணவர் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு முப்பது வருடம் படகு ஓட்டியவர். இவருக்குக் கடலில் பயம் வருமென்று நான் நினைத்ததே இல்லை.

இந்தச் சுற்றுலாக் கப்பலில் ஒருவர் முழு விலை கட்டினால் மற்றவருக்குப் பாதி விலை என்று விளம்பரம் வந்ததும், கனடாவிலிருக்கும் மகள் எங்கள் இருவருக்கும் பதிந்தாள். யன்னல் வைத்த அறைக்கு மேலதிகமாகக் கேட்டார்கள்.

"கடலைப் பாக்க நான் காசு குடுக்கிறதோ? வேண்டாம் பிள்ளை" என்று இவர்தான் மறித்தார்.

பின்னேரம் மேல்தட்டில் பாட்டுக் கேட்டு, இலவச ஐஸ்கிறீம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் கப்பல் மெல்லச் சரிந்து நிமிர்ந்தது. இவர் அலுமாரியிலிருந்த உயிர்காப்பு அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"காத்து எந்தப் பக்கமெண்டு தெரியேல்லை. கடலைக் காணாமல் என்னெண்டு நித்திரை கொள்ளுறது?"

"மேலை போய்ப் பாப்பமே?"

"ஏலாது. காத்துக்கு மேல்தட்டைப் பூட்டிப்போட்டாங்கள்."

நெடுந்தீவுப் படகில் கடல் கொந்தளித்தால் நாங்கள் யாரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. சுக்கான் பிடித்திருக்கும் இவர் முகத்தைத்தான் பார்ப்போம். அது மாறவில்லை என்றால் பயமில்லை.

கப்பல் மறுபடி சரிகிறது. இப்போது இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கொப்பியைத் திறந்து, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினால் நிமிர வேண்டிவரும்.